பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வேலைக்கும் போவது ஏன்?

குழந்தைத் தொழிலாளர் என்றதும் பலருக்கு மனதில் வருவது ஒரு இருட்டுப் பட்டறையும், அதற்குள் அடைபட்ட ஒரு சிறுவனும், பக்கத்தில் அதட்டிக்கொண்டு நிற்கிற ஒரு முதலாளியும்தான். அப்படிப்பட்ட இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் இந்தப் பிரச்சினையின் பெரும்பகுதி அங்கே இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2024-ல் உலகம் முழுவதும் சுமார் 13.8 கோடிப் பிள்ளைகள் குழந்தைத் தொழிலாளர்களாக இருந்தார்கள். அதில் பாதிக்கும் மேல் 5 முதல் 11 வயது வரை உள்ளவர்கள், அதாவது தொடக்கப் பள்ளியில் இருக்க வேண்டிய வயது. பத்தில் ஆறு பேர் வேலை செய்வது விவசாயத்தில். 2020-க்கான முந்தைய மதிப்பீட்டில் இன்னொரு விவரமும் உண்டு: நூற்றுக்கு 72 பேர் வேலை பார்த்தது சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே.

இதையெல்லாம் விட என்னை யோசிக்க வைத்தது வேறொரு எண். அதே 2020 மதிப்பீட்டில், வேலை செய்கிற 5–11 வயதுப் பிள்ளைகளில் பள்ளிக்கு வெளியே இருந்தவர்கள் நூற்றுக்கு 28 பேர். மிச்சம் 72 பேர்? அவர்கள் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. விடிவதற்கு முன் வேலை, பகலில் வகுப்பு, சாயந்திரம் மறுபடி வேலை என்று இரண்டையும் தூக்கிச் சுமக்கிறவர்கள் அவர்கள்தான். "பள்ளியில் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்று நினைப்பவர்களுக்கு இந்த எண்ணைத்தான் முதலில் காட்ட வேண்டும். இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் இவர்களைப் பற்றியதுதான்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். வீட்டில் கை உதவிக்கு நிற்பது, பாத்திரம் கழுவுவது, தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் குழந்தைத் தொழிலா? இல்லை. எந்தப் பண்பாட்டிலும் பிள்ளைகள் வீட்டு வேலையில் கைகொடுத்துத்தான் வளர்கிறார்கள், அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. பிள்ளையின் வயது என்ன, எத்தனை மணி நேரம், என்ன மாதிரி வேலை, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் கோடு போடுகிறார்கள். 1973-ல் வந்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 138-வது உடன்படிக்கை, வேலைக்குச் சேரும் குறைந்தபட்ச வயது 15 என்கிறது. பொருளாதாரமும் கல்வி வசதியும் போதுமான அளவு வளராத நாடுகள் 14 என்று தொடங்கலாம். படிப்பைக் கெடுக்காத இலகுவான வேலைக்கு 13, அந்த நாடுகளில் 12. கணக்கெடுப்புகளில் யுனிசெஃப் பயன்படுத்துகிற அளவுகோல் இன்னும் குறிப்பானது. 5–11 வயதுப் பிள்ளை வாரத்தில் 1 மணி நேரம் உற்பத்தி அல்லது வருமானம் சார்ந்த வேலை செய்தாலே கணக்கில் வரும். வீட்டு வேலை என்றால் 21 மணி நேரம். 12–14 வயதுக்கு முதல் வகை 14 மணி நேரம், வீட்டு வேலை அதே 21.

அந்த 21 மணி நேரம் கொஞ்சம் தாராளமாகப் போட்ட கோடு என்றுதான் எனக்குப் படுகிறது. தினம் மூன்று மணி நேரம். ஏழு வயதுப் பெண் பிள்ளை தினமும் இரண்டேமுக்கால் மணி நேரம் வீட்டு வேலை செய்தால் அவள் எந்தக் கணக்கிலும் வர மாட்டாள். வீட்டுப்பாடம் எழுத அவளுக்கு எப்போது நேரம் என்று யாரும் கேட்கப் போவதும் இல்லை.

சரி, காரணத்துக்கு வருவோம்.

யாரைக் கேட்டாலும் "வறுமை" என்பார்கள். தவறில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் ஒன்றும் விளங்காது. ஒரே தெருவில், ஒரே அளவு வருமானம் உள்ள இரண்டு வீடுகளில் ஒரு வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போகிறது, இன்னொரு வீட்டுப் பிள்ளை போகவில்லை என்றால், வித்தியாசம் எங்கே இருக்கிறது?

பொருளாதார அறிஞர்கள் கௌசிக் பாசுவும் பாம் ஹோங் வானும் 1998-ல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் இன்றும் தொடக்கப் புள்ளியாகக் கருதப்படுகிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை ரொம்ப எளியது: எந்தப் பெற்றோரும் ஆசைப்பட்டுப் பிள்ளையை வேலைக்கு அனுப்புவதில்லை, பெரியவர்களின் சம்பாத்தியம் பிழைப்புக்குத் தேவையான அளவுக்குக் கீழே போகும்போதுதான் அனுப்புகிறார்கள். இதிலிருந்து ஒரு விபரீதமான சுழல் வருகிறது. ஊரில் நிறையப் பிள்ளைகள் வேலைக்கு வந்தால் கூலிக்கு ஆள் பெருகிப் பெரியவர்களின் கூலி இறங்கும். கூலி இறங்கினால் இன்னும் நாலு வீடு தன் பிள்ளையை அனுப்பும். அப்படி அனுப்பினால் கூலி இன்னும் இறங்கும். ஒரு குடும்பம் மட்டும் "எங்கள் பிள்ளை போக வேண்டாம்" என்று முடிவெடுத்தால் நஷ்டம் அந்தக் குடும்பத்துக்குத்தான். எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் பெரியவர்களின் கூலி ஏறி, பிள்ளைகள் சம்பாதிக்க வேண்டிய தேவையே சில இடங்களில் இல்லாமல் போகலாம். தனியாக ஒருவர் வெளியே வர முடியாத சிக்கல் இது. பிள்ளைக்குப் பதில் பெரியவரையும், பெரியவருக்குப் பதில் பிள்ளையையும் வைத்துக்கொள்ள முடிகிற வேலைகளில்தான் இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது வேறு. ஒரு குடும்பம் வருஷம் முழுக்க எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதைவிட, மோசமான ஒரு மாதத்தை அதனால் தாங்க முடிகிறதா என்பதுதான் பிள்ளையின் விதியைப் பல நேரம் தீர்மானிக்கிறது.

விளைச்சல் பொய்த்தது, அப்பா படுக்கையில் விழுந்தார், மாடு செத்தது, வேலை போனது. கையில் சேமிப்பு இருக்கிற வீடு அதை எடுத்துச் செலவழிக்கும். வங்கியில் கடன் கிடைக்கிற வீடு கடன் வாங்கும். காப்பீடு இருக்கிற வீடு அதைக் கேட்கும். இது மூன்றும் இல்லாத வீட்டில் மிச்சம் இருப்பது ஆள்பலம்தான், அதில் பிள்ளைகளின் கையும் காலும் அடக்கம். டான்சானியாவின் ககேரா பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் எடுத்த தரவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது: பயிர் இழப்பு வந்த வீடுகளில் பிள்ளைகளின் வேலை நேரம் கூடியது, ஆனால் அடமானம் வைக்கவோ விற்கவோ சொத்து இருந்த வீடுகளில் அந்த அதிர்ச்சி பிள்ளைகள் மேல் அவ்வளவாக இறங்கவில்லை.

தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சான்று இதைவிடச் சுவாரசியமானது. அங்கே முதியோருக்கு அரசு ஓய்வூதியம் உண்டு. ஆய்வு நடந்த காலத்தில் பெண்களுக்கு 60 வயதிலும் ஆண்களுக்கு 65 வயதிலும் கிடைத்தது. தாத்தாவுக்கு 64 வயது என்றால் அடுத்த வருஷம் பணம் வரப்போகிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வறுமை என்பது மொத்த வருமானக் கணக்கு மட்டும்தான் என்றால், வரப்போகிற பணத்தை நம்பி இந்த வருஷமே கொஞ்சம் கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க விட்டிருப்பார்கள். ஆனால் நடந்தது அப்படி இல்லை. பணம் உண்மையிலேயே கைக்கு வர ஆரம்பித்த பிறகுதான் பேரப்பிள்ளைகளின் வேலை நேரம் குறைந்தது, பள்ளி வருகை கூடியது. நாளை வரப்போகிற பணத்தை இன்றைக்குப் பயன்படுத்த அந்தக் குடும்பங்களுக்கு வழி இல்லை. பணம் இல்லாதது ஒரு கஷ்டம். கேட்டால் நியாயமான வட்டிக்குக் கொடுக்க ஆள் இல்லாதது அதன்மேல் இன்னொரு கஷ்டம்.

அப்புறம், கொடுக்க ஆள் இருந்தாலும் ஆபத்துதான், யார் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்து. வேலை கொடுப்பவரே முன்பணம் கொடுத்தால் அந்தக் கடனை அடைக்கும் வரை குடும்பம் முழுக்க அவரிடம் கட்டுப்பட வேண்டியிருக்கும். கூலி நாள் கணக்கில் இல்லாமல் எண்ணிக்கைக் கணக்கில் இருந்தால் இன்னும் மோசம். இத்தனை செங்கல்லுக்கு இவ்வளவு, இத்தனை கட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது முதலாளி பிள்ளையை வேலைக்கு வைத்ததாகவே ஆகாது. சம்பளப் பட்டியலில் அப்பா பெயர் மட்டும்தான் இருக்கும். ஆனால் எண்ணிக்கையைக் கூட்ட அம்மாவும் எட்டு வயது மகளும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் கடன் கொஞ்சமாவது குறையும். அதிகாரி வந்து பார்த்தால் "பிள்ளை சும்மா பக்கத்தில் இருக்கிறது" என்பார்கள்.

இங்கே பலரும் எதிர்பார்க்காத ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சில இடங்களில் நிலம் இல்லாத வீட்டைவிட நிலம் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் அதிகம் வேலை செய்கிறார்கள். கானாவிலும் பாகிஸ்தானிலும் கிராமப்புறத் தரவுகளை ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில். யோசித்தால் புரியும். நிலம் இருந்தால் செய்ய வேலை இருக்கிறது; நம்பிக்கையான கூலியாள் கிடைப்பதில்லை அல்லது கட்டுப்படியாவதில்லை; பிள்ளை வீட்டிலேயே இருக்கிறது. நிலமே இல்லாத வீட்டில் பிள்ளையை அனுப்ப நினைத்தாலும் வேலை கொடுக்க ஆள் வேண்டும். சிறு கடன் வாங்கி வீட்டிலேயே ஒரு சின்னத் தொழில் தொடங்குகிற குடும்பங்களிலும் இதே அபாயம் உண்டு. தொழில் வந்ததும் வாடிக்கையாளரைப் பார்க்க, சரக்கைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும், கைக்கு எட்டிய ஆள் பிள்ளைதான். எனவே கையில் ஒரு சொத்தைக் கொடுத்துவிட்டால் பிள்ளை தானாகப் படிப்புக்குப் போய்விடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. சொத்து வரும்போது கூடவே வேலையும் வருகிறது.

அப்படியென்றால் வருமானம் கூடினால் பயன் இல்லையா? நிச்சயம் உண்டு. 1990-களில் வியட்நாம் அரிசி ஏற்றுமதி மேல் இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது, உள்நாட்டில் அரிசி விலை ஏறியது. விவசாயம் லாபமானால் பிள்ளைகளை இன்னும் அதிகமாக வயலில் இறக்குவார்கள் என்றுதான் ஒருவர் பயப்படலாம். ஆனால் நெல் விற்று வருமானம் பார்த்த கிராமப்புறக் குடும்பங்களில் பிள்ளைகளின் வேலை குறைந்தது. கூடுதல் வருமானத்தில் அந்தக் குடும்பங்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று பிள்ளையை வேலையிலிருந்து விடுவிப்பது. பெற்றோர் கல்நெஞ்சக்காரர்கள் என்று சுலபமாகத் தீர்ப்பு எழுதுபவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

பணத்துக்கு வெளியே உள்ள காரணங்கள்

ஒரே வீட்டுக்குள்ளேயே எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மூத்தது அதிகம் சுமக்கும், கடைக்குட்டி தப்பித்துக்கொள்ளும். பிரேசிலில் செய்த ஆய்வுகளில் பிறந்த வரிசைக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கடைசியில் பிறந்த பிள்ளை வேலைக்குப் போகும் வாய்ப்பு மூத்ததைவிடக் குறைவு. காரணம் பாசம் இல்லை, நேரம். மூத்தது வளர்கிற காலத்தில் பெற்றோர் இளைஞர்கள், சம்பாத்தியம் குறைவு, கீழே சின்னச் சின்னப் பிள்ளைகள் வேறு. கடைசிப் பிள்ளை பள்ளிக்குப் போகும்போது மூத்தது சம்பாதிக்கத் தொடங்கியிருக்கும்.

பெண் பிள்ளைகள் விஷயம் தனி. உலகக் கணக்கில் ஆண் பிள்ளைகள்தான் அதிகம் வேலை செய்வதாக வரும். அது வீட்டு வேலையைச் சேர்க்காத கணக்கு. வாரத்தில் 21 மணி நேரமும் அதற்கு மேலும் வீட்டு வேலை செய்பவர்களைச் சேர்த்தால் அந்த இடைவெளி பாதியாகக் குறைகிறது என்று அதே 2020 மதிப்பீடு சொல்கிறது. தண்ணீர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: உலகம் முழுக்கப் பெண்களும் சிறுமிகளும் சேர்ந்து தினமும் 20 கோடி மணி நேரத்தைத் தண்ணீர் சுமப்பதில் செலவழிக்கிறார்கள் என்று யுனிசெஃப் 2016-ல் சொன்னது. ஊருக்குள் ஒரு குழாய் வந்தால் ஒரு சிறுமிக்கு எத்தனை பாடவேளை மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்மா வேலைக்குப் போனால் குடும்ப வருமானம் ஏறும், நல்லதுதான். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் போய் உட்காருவது மூத்த மகள். அவளுடைய வேலைக்குக் கூலி இல்லை, அதனால் அதை வேலை என்றும் யாரும் சொல்வதில்லை.

பிறகு, பழக்கம். "நானும் அந்த வயதில் வேலை செய்தேன், இப்போது கெட்டா போய்விட்டேன்?" இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது. இதன் பின்னால் ஒரு உண்மையான கணக்கும் இருக்கிறது. சின்ன வயதில் வேலைக்குப் போனவர் அதிகம் படிக்கவில்லை, படிக்காததால் சம்பளம் குறைவு, சம்பளம் குறைவானதால் தன் பிள்ளையையும் அனுப்புகிறார். பிரேசிலில் இதையும் ஆராய்ந்தார்கள். சிறுவயதில் வேலை செய்த பெற்றோரின் பிள்ளைகள் வேலை செய்யும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதிலும், பெற்றோரின் படிப்பையும் குடும்ப வருமானத்தையும் கணக்கில் எடுத்து ஒதுக்கிய பிறகும் அந்தத் தொடர்பு முழுதாக மறையவில்லை. அதாவது பணம் போக மிச்சம் ஒரு பங்கு வழக்கத்துக்கும் மனப்போக்குக்கும் இருக்கிறது.

சாதி, இனம், மொழி, புலம்பெயர்வு, இவை எல்லாம் இதே பாதையில்தான் வேலை செய்கின்றன. ஒதுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளை படித்தாலும் நல்ல வேலை கொடுக்க மாட்டார்கள் என்று பெற்றோர் தங்கள் அனுபவத்தில் கண்டிருந்தால், படிப்பில் முதலீடு செய்ய அவர்கள் தயங்குவது அறியாமை இல்லை. வகுப்பில் பின்வரிசையில் தள்ளப்படுகிற பிள்ளைக்கும் பள்ளி இனிக்காது. வேலை தேடி இடம் மாறுகிற குடும்பத்தின் பிள்ளைக்குப் புதிய இடத்தில் பாட மொழியே புரியாது. அது பெற்றோரோடு வேலையிடத்தில்தான் நிற்கும், நின்றால் சும்மா நிற்காது.

உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்புவது இன்னொரு வகை. "அவர்கள் படிக்க வைப்பார்கள்" என்று நம்பி வசதியான வீட்டில் பிள்ளையை விடுவது பல நாடுகளில் உண்டு. ஹைட்டியில் இப்படி அனுப்பப்பட்டு வீட்டு வேலைக்காரர்களாக ஆகிவிடுகிற பிள்ளைகளை ரெஸ்டாவெக் என்கிறார்கள். அனுப்புகிற பெற்றோரின் நோக்கம் பெரும்பாலும் படிப்புதான். உள்ளே நடப்பது வேறு.

வேலை கொடுப்பவர் பக்கமும் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் கூலி குறைவு, எதிர்த்துப் பேச மாட்டார்கள், சங்கம் சேர மாட்டார்கள். இதுதான் நிஜமான காரணம், ஆனால் வெளியே சொல்கிற காரணம் "சின்ன விரல்தான் இந்த வேலைக்கு லாயக்கு" என்பது. இந்தியக் கம்பளத் தொழிலில் 1990-களில் சர்வதேச தொழிலாளர் அமைப்புக்காக நடந்த ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. பிள்ளைகள் செய்கிற முடிச்சு வேலையைப் பெரியவர்களும் அதே திறமையோடு செய்தார்கள். சின்ன விரல் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

பள்ளியும் ஒரு காரணம்

வறுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பள்ளியைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறார்கள், அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் தருகிற விஷயம். கட்டணம் இல்லை என்றாலும் நோட்டு, சீருடை, காலணி, போக்குவரத்து என்று செலவு இருக்கத்தான் செய்கிறது. அதைவிடப் பெரிய செலவு, பிள்ளை பள்ளியில் இருக்கிற நேரத்தில் சம்பாதிக்காமல் விட்ட கூலி. இந்தச் செலவுக்குப் பதிலாகக் கிடைப்பது என்ன என்று பெற்றோர் பார்ப்பார்கள்தானே? ஆசிரியர் பாதி நாள் வருவதில்லை, ஐந்து வகுப்புக்கு ஒரே அறை, மூன்று வருஷம் போன பிள்ளைக்குத் தன் பெயரைத் தாண்டி எழுதத் தெரியவில்லை என்றால், "பட்டறையில் விட்டால் கைத்தொழிலாவது கற்றுக்கொள்ளும்" என்று ஒரு அப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் படிப்பை வெறுக்கவில்லை, அந்தப் படிப்பின் தரத்தை எடைபோடுகிறார்.

வேலையும் படிப்பும் சேர்ந்து நடக்கும்போது என்ன ஆகிறது என்பதைக் கவனியுங்கள். வருகைப் பதிவேட்டில் பிள்ளை இருக்கும். ஆனால் இரண்டாவது பாடவேளையில் தூங்கும், அறுவடை மாதத்தில் இரண்டு வாரம் காணாமல் போகும், திரும்பி வரும்போது கணக்குப் பாடம் இரண்டு அத்தியாயம் தாண்டியிருக்கும். கானாவில் நடந்த ஓர் ஆய்வு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடையே கூட வேலை செய்கிறவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்குவதைக் காட்டியது; களைப்பும், படிப்பின் மேல் ஆர்வம் குறைவதும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். பின்தங்கிய பிள்ளைக்கு வகுப்பில் திட்டு விழும், சில இடங்களில் அடியும் விழும். வேலையிடத்தில் குறைந்தபட்சம் நாள் முடிவில் கையில் ஏதாவது கிடைக்கும், வீட்டில் கொஞ்சம் மதிப்பும் கிடைக்கும். பத்து, பதினோரு வயதில் "எனக்குப் படிப்பு வரலை" என்று பிள்ளையே சொல்லி நின்றுவிடும். இடைநிற்றல் என்று ஒரு தேதி போட்டு எழுதுகிறோம், ஆனால் அது ஏழு வயதிலேயே தொடங்கிவிட்டது.

தடை போட்டால் போதாதா?

சட்டம் இல்லாத பிரச்சினை இல்லை இது. மிக மோசமான வகைக் குழந்தைத் தொழிலை ஒழிக்கச் சொல்லும் 1999-ம் வருஷத்து 182-வது உடன்படிக்கையைச் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 187 உறுப்பு நாடுகளும் ஏற்றுவிட்டன. கடைசியாக 2020 ஆகஸ்டில் டோங்கா ஏற்றது. சட்டம் முதலில் எட்டுவது தொழிற்சாலையை. வயலையும் வீட்டையும் எட்ட ரொம்ப நாள் ஆகும். பணக்கார நாடுகளும் விதிவிலக்கு இல்லை. அமெரிக்காவின் 1938-ம் வருஷத்துக் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டத்தின் கீழ், பெற்றோர் சம்மதித்தால் 12 வயதுப் பிள்ளை பள்ளி நேரம் போகப் பண்ணை வேலை செய்வது இன்றும் சட்டப்படி சரி.

வெறும் தடை எப்படித் திசைமாறும் என்பதற்கு வங்கதேசம் பாடம். 1990-களின் தொடக்கத்தில், பிள்ளைகள் உழைப்பில் செய்த பொருள்களை இறக்குமதி செய்யத் தடை விதிக்கும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்தது. அது சட்டமாகவே இல்லை, ஆனால் பயந்துபோன ஆடைத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஒரே அடியாக வெளியே அனுப்பின. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகவில்லை; கல் உடைப்பது, தெருவில் விற்பது, பாலியல் தொழில் என்று முன்பைவிட மோசமான இடங்களில் இருந்ததை யுனிசெஃப் பதிவு செய்தது. அதன் பிறகுதான், 1995-ல், ஆடை உற்பத்தியாளர் சங்கமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன: பள்ளியில் இடமும் உதவித்தொகையும் ஏற்பாடு செய்த பிறகே பிள்ளையை வெளியே அனுப்புவது. இந்தியாவின் 1986-ம் வருஷத்துக் குழந்தைத் தொழில் தடைச் சட்டத்தைப் பற்றிய ஓர் ஆய்வும் இதே மாதிரிதான் சொல்கிறது. சட்டத்துக்குப் பயந்து வேலை கொடுப்பவர்கள் பிள்ளைகளின் கூலியைக் குறைத்தார்கள். அந்தப் பணத்தை நம்பியிருந்த ஏழைக் குடும்பங்கள் கூடுதலாகப் பிள்ளைகளை அனுப்பின.

இதை வைத்துச் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தடையோடு கூடவே அந்தக் குடும்பத்தின் ஓட்டையை அடைக்க ஏதாவது வர வேண்டும்.

அப்படி வந்தவற்றில் பெயர்பெற்றது பணம் கொடுக்கும் திட்டங்கள். மெக்சிகோ 1997-ல் தொடங்கிய புரோகிரெசா, பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால் அம்மா கையில் பணம் கொடுத்தது. உயர் வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகமாக. வங்கதேசத்தில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை பள்ளிக்கு வந்தால் வீட்டுக்குத் தானியம் கொடுத்தார்கள். பள்ளி வருகை நன்றாகவே ஏறியது. ஆனால் வேலை? வங்கதேசத்தில் அதை ஆராய்ந்தவர்கள் கண்டது, பள்ளிச் சேர்க்கை எவ்வளவு ஏறியதோ அதில் ஆண் பிள்ளைகளிடம் சுமார் நான்கில் ஒரு பங்கு, பெண் பிள்ளைகளிடம் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வேலை குறைந்தது என்பதே. மிச்ச நேரம் விளையாட்டிலிருந்தும் ஓய்விலிருந்தும் வந்தது. பிள்ளை வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வரவில்லை, வேலையோடு பள்ளிக்கும் வந்தது.

பிரேசில் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. 1996-ல் மாட்டோ குரோஸோ டோ சுல் மாநிலத்தில் கரிச் சூளைகளில் வேலை செய்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய திட்டத்தில் குடும்பத்துக்குப் பணம் கொடுத்ததோடு நிற்கவில்லை. அங்கே பள்ளி அரை நாள்தான். மீதி அரை நாளும் பிள்ளையைப் பாடம், விளையாட்டு, கலை என்று தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். பள்ளி முடிந்து சூளைக்குப் போக நேரமே மிஞ்சவில்லை. எளிமையான யோசனை, ஆனால் செலவு பிடிக்கும், ஆள் வேண்டும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது கொலம்பியாவின் எஸ்குவேலா நுவேவா பள்ளிகள். அறுவடைக்குப் போன பிள்ளை திரும்பி வந்தால் விட்ட பாடத்திலிருந்தே தொடரலாம், தோல்வி என்று முத்திரை குத்தி அதே வகுப்பில் உட்கார வைக்க மாட்டார்கள். பிள்ளைகள் தங்கள் வேகத்தில் படிக்கும்படி பாடக் கையேடுகளை அமைத்தார்கள். இந்த மாதிரிச் சலுகையை அடியோடு மறுப்பவர்களும் உண்டு. ஆந்திரத்தில் சாந்தா சின்ஹாவின் தலைமையில் வளர்ந்த எம்.வி. ஃபவுண்டேஷன், பள்ளிக்கு வெளியே இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைத் தொழிலாளிதான், பகுதி நேரப் பள்ளி என்று ஒரு சமரசமே கிடையாது என்ற நிலையை எடுத்து, பள்ளியை விட்ட பிள்ளைகளை வயதுக்கேற்ற வகுப்புக்குத் தயார்செய்கிற இணைப்பு முகாம்கள் நடத்தி ஏராளமான பிள்ளைகளை முழுநேரப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. விட்டுக்கொடுத்தால் வேலைக்கு ஒப்புதல் கொடுத்ததாகிவிடும் என்பது அவர்கள் வாதம். இலக்கில் எனக்கு இவர்களோடுதான் உடன்பாடு. ஆனால் இரண்டு வாரம் காணாமல் போய் இன்று காலை திரும்பி வந்து வாசலில் நிற்கிற பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்விக்கு, கொலம்பியக்காரர்கள் சொன்ன பதில் கையில் இருப்பது நல்லது.